மாமியார் சிரிஞ்சில் பத்துக் கோடு

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர்ப் பள்ளிக்குப் பாடம் நடத்த நான் நாலு வருடமாகப் பேருந்தில் போகிறேன். மலை வளைவுகளில் புதிதாக வருபவர்கள் வாந்தி எடுப்பதும், கண்டக்டர் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் நீட்டுவதும் தினமும் நடப்பதுதான். எனக்கு அந்தப் பழம் தேவைப்பட்டதே இல்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிரெல்லாம் கண்ணாடி முன்னால் செல்லாது. பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்க மறுத்தது. ஜிம்முக்குப் போகும் தோழி ஒருத்தி, கொழுப்பைக் கரைக்கும் பெப்டைடு என்று சின்னக் குப்பிகளை ஆன்லைனில் வரவழைத்துத் தந்தாள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிற நான், அதை ஒரு முறைதான் படித்தேன்.

வாரம் ஒரு ஊசி. வீட்டில் மூச்சுவிடவில்லை. பொய் சொல்வானேன், பசி அடங்கியது, ஒரே மாதத்தில் ரவிக்கை தளர்ந்தது. பிறகு குப்பிகளோடு வந்த சிரிஞ்சுகள் தீர்ந்துபோயின. மாமியார் இன்சுலின் போடும் சிரிஞ்ச் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. வழக்கம்போல் பத்துக் கோடு ஏற்றிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தேன். கண்டக்டர் பழத்தைத் தந்தார். மலை ரோடு அப்படித்தான் என்று பக்கத்தில் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். மறுபடி மறுபடி எடுக்கவும் கண்டக்டர் அருகில் வந்தார்.

“நாலு வருசமா வந்துக்கினு இருக்கீங்க டீச்சர். இது ரோட்டு வாந்தி இல்லைங்க. இன்னா சாப்டீங்க?”

நேற்றுப் போட்ட ஊசி அப்போதுதான் உறைத்தது. வீட்டிலிருக்கும் என் பிள்ளை முகம் கண்ணுக்குள் வந்தது. செத்துப்போவேனோ என்று பயந்து அழுதேன். கண்டக்டர் கரியாலூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேருந்தை நிறுத்தி இறக்கிவிட்டார்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டவில்லை. சிரிஞ்சுக்குச் சிரிஞ்ச் கோட்டின் அளவு மாறும், மாமியாருடையதில் பத்துக் கோடு என்றால் நான் வழக்கமாகப் போட்டதைப்போல் இரண்டரை மடங்கு மருந்து என்றார். இந்த மாதிரி மருந்துகளில் சில, சோதனையில் நல்ல பலன் காட்டுகின்றன, நாளைக்குத் தானே எழுதிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் என் குப்பியில் இருந்தது இன்னதென்று யாருக்குமே தெரியாதாம்.

குளுக்கோஸ் இறங்கியது. வாந்தி நின்றது. அழைத்துப்போக வந்த கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்திருந்த மிச்சக் குப்பிகளை டாக்டரம்மாவிடமே ஒப்படைத்தேன்.

நாலு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. அடுத்த வாரம் அதே மூன்றாவது வளைவில், முன்சீட்டில் யாரோ புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்தார்கள். கண்டக்டர் அவசரமாக எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

“வேணாண்ணா,” என்றேன். “பசிக்குது.”