மலையைப் பார்த்து ஓடக் கூடாத சாக்கடை

"15.7.1981, புதன். மூன்றாவது பீரியடில் காற்று திரும்பியது. எல்லோரும் தாவணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பொருளாதாரம் எழுதினோம். ரஹீமா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை."

பன்னிரண்டாம் வகுப்பில் நான் வைத்திருந்த நாட்குறிப்பு நோட்டில் உள்ள வரிகள் இவை. படித்தால் இன்றும் அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது: பழைய மூத்திரம், அதன்மேல் ஊற்றிய பினாயில், இரண்டையும் சேர்த்து வேகவைத்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு. அன்றாட வாழ்க்கைக்குக் கணிதம் உதவுமா, கலைப் படிப்பு உதவுமா என்று யாராவது மேடை போட்டுப் பேசத் தொடங்கினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருவதற்கு அதுதான் காரணம். அதைத் தேதிவாரியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது, திருவண்ணாமலையில் இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு தனியார் பெண்கள் பள்ளி. மேல்நிலை வகுப்புகள் வந்த புதிதில் எல்லாப் பள்ளிகளும் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக அடுக்கின. கணிதமும் விஞ்ஞானமும் படிப்பவர்கள் "ஃபர்ஸ்ட் குரூப்", வரலாறும் பொருளாதாரமும் படிப்பவர்கள் "தேர்ட் குரூப்". இரண்டில் எது உருப்படியான படிப்பு என்ற கேள்விக்கு எங்கள் பள்ளி தன் கட்டடத்தாலேயே பதில் சொல்லியிருந்தது. ஃபர்ஸ்ட் குரூப்புக்கு மாடியில், மின்விசிறி சுழலும், ஜன்னலில் மலை தெரியும் அறை. தேர்ட் குரூப்புக்கு, கழிப்பறைச் சுவரையே தன் சுவராகக் கொண்ட ஒரு கொட்டகை. மாடிப் பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எங்களைக் கடந்து, எட்டிப் போன பிறகு, "மூத்திர குரூப்புல இன்னிக்கு இன்னா பாடம்டி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களும் அதே கழிப்பறைக்குத்தான் வந்துபோனார்கள் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. திருப்பிச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த நாற்றத்துக்குக் காரணம் ஒரு சாக்கடை. சாக்கடைக்குக் காரணம் பக்தி. 1981 மே விடுமுறையில் கழிப்பறைக்குப் புதிதாகச் சாக்கடை வெட்டினார்கள். மேற்கே சில அடி தூரத்திலேயே தெருவோர வாய்க்கால் இருந்ததால் கொத்தனார் அந்தப் பக்கம்தான் நூல் பிடித்தாராம். பள்ளியை நடத்திய தாளாளர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரிய மனிதர், வந்து பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். "மலையப் பாத்து கக்கூஸ் தண்ணி ஓடலாமாய்யா? சாமியே மலையா நிக்கிற ஊரு இது. கெழக்கால திருப்பு" என்றார். பக்கத்தில் நின்றிருந்த ஆயா பின்னால் எங்களிடம் சொன்னது இது.

ஊர் முழுவதும் மலையடியிலிருந்து கிழக்கே சரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வைத்துக்கொண்டு, ஃபர்ஸ்ட் குரூப்பின் கணித ஆசிரியை ஒரு தாளில் கோடு போட்டு, ஓர் அடிக்கு இவ்வளவு சரிவு என்று வகுத்து, தண்ணீர் தாராளமாகக் கிழக்கே போகும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். எங்கள் பள்ளி மனையின் மேற்குப் பாதி மட்டும் ஒரு பழைய குட்டையைத் தூர்த்த இடம் என்பதையும், அது அமிழ்ந்து அமிழ்ந்து நிலமே மலைப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் அவர் குனிந்து பார்க்கவில்லை. தாளில் பிழை கிடையாது. தண்ணீர்தான் கிழக்கே போக மறுத்து, கொட்டகைச் சுவரோரம் தேங்கிப் பச்சையாகி, நுரை கட்டி, புழு வைத்தது. தீபத்துக்கு முந்தைய மழையில் அது வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. நாங்கள் பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் புரட்சி படித்தோம்.

ரஹீமா எனக்குப் பக்கத்து இடம். அவளுடைய அத்தா கடைத்தெருவில் தகர வேலை செய்பவர். வீட்டுக் கூரைகளுக்கு மழைத்தண்ணீர் வழியும் தாரைகளை அடித்துப் பொருத்துவார். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே கணிதத்தில் முதல் மதிப்பெண் அவளுடையது. ஆனால் ஃபர்ஸ்ட் குரூப்புக்குச் செய்முறை வகுப்பு மாலை ஐந்தரை வரை நீளும். அவள் நாலரைக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். வீட்டுக்குச் சீக்கிரம் அனுப்பும் படிப்பு எதுவோ அதைப் படிக்கட்டும் என்று முடிவாகிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள்.

கழிப்பறைக்குள் போகாமல் இருப்பதற்காக எங்களில் பாதிப்பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆகஸ்டில் ரஹீமாவுக்கு நீர்க்கடுப்பு வந்து, ஜுரமாகி, பத்து நாள் படுத்துக்கிடந்தாள். இத்தோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவள் அண்ணன் ஒற்றைக்காலில் நிற்க, அத்தா நடுவில் ஒரு தீர்ப்புச் சொன்னார். அதை அவள் திரும்பி வந்த அன்று அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டினாள்: "பரிட்ச வரைக்கும் போவட்டும். ஸ்கூல்லேந்து ஒரு வார்த்த புகாரா வந்துச்சுன்னா அன்னியோட நின்னுக்கணும்." பிறகு சிரித்துக்கொண்டே, "மார்ச் வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தா பாஸுடி நானு" என்றாள்.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் பைக்குள்ளிருந்து அத்தாவின் நீர்க்குழாயை எடுத்தாள். தாரை பொருத்தும்போது மட்டம் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த நீளமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, சாக்கடையின் ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானும் நிமிர்த்திப் பிடித்தோம். குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கிருந்து சாக்கடைத் தரை வரை கீழே அளந்தால் எந்த முனை உயரம் என்று தெரிந்துவிடும். கிழக்கு முனை நான்கு விரற்கடை மேலே இருந்தது. கால் கட்டைவிரல் அந்தப் பச்சைத் தண்ணீரில் பட்டுவிட, நான் ஓங்கரித்தேன். "முனைய ஆட்டாதடி, அப்புறம் வாந்தி எடு" என்றாள் அவள்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். ஒரே பக்கம், தேதி, திசை, நீர்க்குழாய் வைத்து எடுத்த அளவு, தேங்கும் இடம். புகார் என்று அவள் பெயர் போய்விடக் கூடாதே என்று கையெழுத்து இல்லாமல் "மூன்றாம் பிரிவு மாணவியர்" என்று மட்டும் முடித்துத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். மறுவாரப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் சொன்னது: "மொட்டக் கடுதாசி எழுதற கை எதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே டி.சி." சாக்கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

12.2.1982, வெள்ளி, பள்ளி ஆண்டுவிழா. "அன்றாட வாழ்க்கைக்குப் பெரிதும் உதவுவது கணிதமா, கலைப் படிப்பா?" என்று பேச்சுப் போட்டி. நடுவர் தாளாளர். கணிதத்துக்கு மாடியிலிருந்து இருவர்; கலைக்குக் கொட்டகையிலிருந்து நானும் ரஹீமாவும். நான் முதலில் போய், கலை உள்ளத்தை விரிக்கும், வரலாறு வழி காட்டும் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வந்தேன். அடுத்து வந்த மாடிப் பெண் கோலத்தில் கணிதம், பஸ் நேரத்தில் கணிதம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், "நம் பள்ளிச் சாக்கடைக்குச் சரிவு கண்டுபிடித்துக் கொடுத்ததும் கணிதமே" என்று தன் ஆசிரியையைப் பார்த்துக் கும்பிட்டாள். பெற்றோர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் தாளாளரும் தட்டினார்.

ரஹீமா மேடையேறி, எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "என்னய கலை பக்கம் பேசச் சொல்லியிருக்காங்க. எனக்குக் கணக்குதான் புடிக்கும். அந்தச் சாக்கடையோட கெழக்கு முனை நாலு விரக்கட மேல இருக்குது. நாங்க... நான் அளந்து பாத்தேன். மலைக்கு மரியாத குடுத்துட்டு அந்தத் தண்ணி எங்க காலாண்ட நிக்குது. நாங்க நாள் பூரா தண்ணி குடிக்கறதில்ல. இதச் சொல்லத் தெரியாத கணக்கும் வேணாம். எழுதிக் குடுத்தா படிக்கத் தெரியாத படிப்பும் வேணாம்." அவ்வளவுதான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கணிதமும் கலையும் பெண்களுக்கு இரண்டு கண்கள் என்று தாளாளர் தீர்ப்புச் சொன்னார். "ஆனா, நாலு பேர் நடுவுல எதப் பேசணும், எதப் பேசக் கூடாதுன்னு தெரியலன்னா எந்தப் படிப்பும் பிரயோசனம் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். கலைப் பிரிவில் முதல் பரிசு எனக்கு. ஒரு எவர்சில்வர் டம்ளர். குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை அறையில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். கணித ஆசிரியையும் அங்கே இருந்தார். "அளந்தப்போ கூட யாரு இருந்தது?" என்று தலைமையாசிரியை கேட்டார். "நான் ஒருத்திதான் டீச்சர்" என்றாள் ரஹீமா. அந்த நீளக் குழாயின் இரண்டு முனைகளையும் ஓர் ஆள் பிடிக்க முடியாது. அது கணித ஆசிரியைக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதுவரை எழுதிய எல்லா அசிங்கத்தையும்விட என் மூக்கில் அதிகம் நாறுவது அந்த அரை நிமிடம்தான்.

"மேடையில கக்கூஸப் பத்திப் பேசற பொண்ணு" என்று அன்று சாயங்காலமே வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமைக் குறிப்பில் இரண்டே சொற்கள்: "ரஹீமா வரவில்லை." அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. நான் போகவில்லை. பரீட்சை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த ஆண்டே அவர்கள் ஊர் மாறிப் போனார்கள்.

மே மாதம் சாக்கடையை இடித்து மேற்கே திருப்பினார்கள். தண்ணீர் நிற்காமல் ஓடியது. மலையின் கண்ணில் படாமல் இருக்க, தாளாளர் சாக்கடை ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினார்.

இப்போது அங்கே பள்ளியும் இல்லை, கொட்டகையும் இல்லை, சுவரும் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்கான லாட்ஜ் ஒன்று நிற்கிறது. நான் குடியிருக்கும் வேங்கிக்காலில் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது முடித்திருக்கிறாள். போன வாரம் அவள் அம்மா என்னிடம், "ஆர்ட்ஸ் எடுத்து இன்னா பண்ணப் போறா, நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. "அவளக் கேட்டீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அடி அண்ணாமலையில் தன் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ரஹீமாவின் பெயரில் அரசுத் தேர்வுக்கான ஹால் டிக்கெட் பிப்ரவரிக் கடைசியில் பள்ளிக்கு வந்தது என்றும், அதைத் தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் தானே வைத்ததாகவும் சொன்னார். அதை யாராவது அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவள் பரீட்சை எழுதினாளா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகவில்லை.