தீவைச் சொன்னவள்

சாப்பாட்டு மேசை முழுக்க இலங்கைப் படம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ஜாம் பாட்டில், ஒரு மூலையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் புகையிலை டப்பா. வெளியே சின்னக்கானல் மலையின் ஆடி மழை ஓடுகளை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கணப்புச் சூட்டில் மேசையை ஒட்டி நின்றுகொண்டு, எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்று துரைசாணி விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் எல்லோரும் அவளை 'அவர்கள்' போட்டுத்தான் பேசினார்கள். நானும் பேசினேன். எழுதும்போதாவது அந்த மரியாதையைக் கொடுக்காமல் இருக்கிறேனே, அந்த மட்டும் சந்தோஷம்.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். வடகரப்பதியின் சோளக்காட்டு வெயிலில் வளர்ந்தவளை அரசாங்கச் சம்பளமும் இல்லாமல், தோட்டத்துச் சம்பளத்துக்கு அந்தக் குளிரில் கொண்டுபோய் வைத்தது விதி. சாயங்காலம் பங்களாவுக்குப் போய் துரைசாணிக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி. அதிகாரம் பண்ணத் தேவையான தமிழை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் அவளுக்கு வரவுமில்லை, வேண்டியிருக்கவுமில்லை. ஆயாவோடு நாலு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டுமென்றால் நடுவில் நான் வேண்டும்.

ஆயாதான் அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளையும் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவர். அவர் பிறந்தது இலங்கையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எங்கள் லயங்களில் இலங்கையைக் கண்டி என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டியபோது ஒரே குடும்பத்தில் பாதி கண்டிக்கும் பாதி இந்த மலைக்குமாகப் பிரிந்து போனது சகஜம். தாயில்லாத ஆயாவை வளர்த்தது அவருடைய அக்கா. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்து, சிறு பெண்ணாகக் கப்பலேறி வந்தவர் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லை. அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷங்களில் ஆயா மாதிரி ஒருவர் தனியாகப் போய்வர வழியே கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத்துத் தமிழரைப் பார்த்தே, நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்று அந்த நாட்டார் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்தின் வேலைக்காரியாகப் போனால் உண்டு. அதனால், பிள்ளைகளுக்காக நீயும் வரவேண்டும் என்று துரைசாணி சொன்ன அன்றைக்கு ஆயா என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"தொரசாணி என்னையும் கூட்டிட்டுப் போறாவளாம், டீச்சரம்மா! அக்காவுக்குப் பார்வை இருக்கும்போதே போயி முன்னால நிக்கணும். குரலக் கேட்டு அடையாளம் சொல்லுத நெலமைக்கு விட்டிரப்படாது."

"கப்பல்ல பயமில்லீங்களா ஆயாம்மா?"

"வரும்போதே கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தவதான். அது கெடக்குது."

அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க, திட்டம் போட்டது துரைசாணி என்று பெயர், போட்டுக் கொடுத்தது ஆயா. துரைசாணி தீபாவளி மாதத்தில் போக நினைத்தாள். அப்போது அங்கே மழை பிய்த்து எடுக்கும், தை பிறந்து போங்கள் என்று மாற்றியது ஆயா. கடல் மட்டும் போதும் என்றிருந்தவளை, மலைரயிலில் ஏறினால்தான் அந்த ஊரைப் பார்த்ததாக அர்த்தம் என்று ஆசைகாட்டியது ஆயா. பிள்ளைகளுக்குச் செவ்விளநீர் கொடுங்கள், அட்டைப் பூச்சிக்குச் சோப்பைத் தடவுங்கள், எந்த ஸ்டேஷனில் இறங்கினால் குளிர் தாங்கும் அளவில் இருக்கும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல துரைசாணி படத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள். அப்படி வட்டம் போட்ட ஸ்டேஷனிலிருந்து அக்காவின் லயம் நடக்கிற தூரம். அதையும் ஆயா சொன்னார். ஒரு தடவை இல்லை, அலுக்க அலுக்கச் சொன்னார்.

கப்பலில் வெறுங்காலோடு வரக்கூடாது என்று துரைசாணி ஒரு ஜோடி கான்வாஸ் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். ஆயா அதைப் போட்டுக்கொண்டு லயத்துப் பாதையில் நடை பழகுவார். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் "வெள்ளைக்காரி வாறா, வழி விடுங்கடீ" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களேதான் கண்டியிலிருந்த தங்கள் அண்ணனுக்கும் சித்திக்கும் என்று கருப்பட்டியும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். துரை வீட்டுக்கு ஒரு தீவுப் பயணம். எங்கள் லயம் முழுவதுக்கும் அது உறவு விட்டுப்போன வீட்டுக்கு ஆள் போகிற பயணம்.

ஆற்றைக் கடக்கிற வரையில் அண்ணன் தம்பி என்பார்கள். இவர்கள் கடக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு துரைசாணி என்னைக் கூப்பிட்டு, ஆயாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாள். கப்பலேறுமுன் தோட்டத்து ஆட்களை முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்களாம். துரைமாருக்கு அந்த நிறுத்தல் கிடையாது. ஆயாவுக்காகக் காத்திருந்தால் விடுமுறை வீணாகும். போதாததற்கு, போன இடத்தில் உறவுக்காரர்களோடு தங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று துரை கேட்கிறாராம். அங்கே ஆயாக்கள் சுலபமாகக் கிடைப்பார்களாம்.

பன்னிரண்டு மாதமும் பிள்ளைகளுக்கு ஊட்டிய கையில் அன்றைக்குத்தான் நோய் தெரிந்ததா? இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே அனுப்பி முகாமில் இருக்க வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அதெல்லாம் சிக்கல் என்று சொல்லிவிட்டு அவள் தொப்பியை அட்டைப் பெட்டியில் வைத்தாள். அவளுடைய அரைகுறைத் தமிழே இதற்குப் போதும். ஆனாலும் அந்த வார்த்தைகளை என் வாயால்தான் சொல்ல வைத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அவள் பக்கத்தில் நிற்க, நான் சொன்னதை ஆயா கேட்டுக்கொண்டார். செருப்பை நீயே வைத்துக்கொள் என்றாள் துரைசாணி. அதைக் காதில் வாங்காமல், "அங்க பிள்ளையள எடுக்கப் போறவகிட்ட, சின்னவனுக்கு இடின்னா பயம்னு சொல்லச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கருப்பட்டியையும் கருவாட்டையும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போனார்கள், வெயிலில் சிவந்து திரும்பி வந்தார்கள். ஆயாவுக்கு என்று ஒரு தகர டப்பா நிறையத் தேயிலை! தேயிலைக் காட்டில் இருப்பவருக்குத் தேயிலை வாங்கிவரத் தோன்றுகிற மூளையை என்ன சொல்ல? எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள் என்று ஆயா கேட்டார். துரைசாணி சொன்னாள். வட்டம் போட்ட அதே ஸ்டேஷன்தான். அக்காவின் லயத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, உன் தங்கச்சி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு நினைவே வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் இலங்கை போக ஆசை. எங்கள் ஆயா அந்த ஊர்க்காரி, எல்லாம் சொல்வாள் என்று துரைசாணி பெருமையாக அவரை உள்ளேயிருந்து அழைத்தாள். என்னையும் எழுந்துபோக விடவில்லை. எந்த மாதம் நல்லது, எங்கே தங்கலாம் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

ஆயா என்னையே பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க, டீச்சரம்மா. நான் பொறந்தது இந்த மலையிலதான். கண்டிக்குப் போனதே இல்ல."

சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னேன். அன்றைக்குப் போல அவ்வளவு உரக்க நான் அந்த வீட்டில் பேசியதில்லை. துரைசாணி முகம் சிவந்து, போன வருஷம் இவள்தானே எல்லாம் சொன்னாள் என்றாள். "வேற யாரையோ நெனச்சிட்டாவ போல" என்று சொல்லிவிட்டு, ஆயா பிள்ளைகளுக்குப் பால் ஆற்றப் போய்விட்டார்.

லயத்துக்கு இறங்கும் பாதையில் இருவரும் சேர்ந்து வந்தோம். பொறந்த ஊரையே இல்லைன்னு சொல்லிட்டீங்களே என்றேன். மூச்சு வாங்க ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"என்கிட்ட இருந்தது அந்த ஊரு ஒண்ணுதான, டீச்சரம்மா. அதையும் ஒருவாட்டி குடுத்துப் பாத்தாச்சு. இனி எதுக்கு?"