எதிர்ப்பக்கம் மடித்த இலை

மனைவி காந்திமதியம்மாள் இருந்தவரை கைலாசநாதன் வெளியே கடைகளில் கை நனைத்தது மிகக் குறைவு. சங்கரன்கோவில் பதிவு அலுவலகத்தில் பத்திரங்களுக்கு நகல் எழுதும் குமாஸ்தா அவர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சிநேகிதர்கள் இழுத்துப்போய் ஒரு நெய்த்தோசை வாங்கிக் கொடுத்தால்கூட வீட்டில் மூச்சுவிட மாட்டார். தெரிந்துவிட்டால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "கிளப்புல போய்த் திங்கதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

1952 சித்திரையில் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. பதினாறு நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறியதிலிருந்து மூன்று வேளையும் அவருக்குக் கிளப் சாப்பாடுதான்.

ஒன்றும் பிடிக்கவில்லை. காலைத் தோசை ஓரம் கருகி நடுவில் மாவாக இருந்தது. சட்னியில் தேங்காய் எங்கே என்று கேட்டால், "அரைச்சாச்சுல்லா, எப்படித் தெரியும்?" என்றான் பரிமாறுகிறவன். மத்தியானம் காசிராஜன் கிளப்பில் சாம்பாருக்கு அடியில் பருப்பே கிடையாது. ரசத்துக்கும் அதற்கும் நிறத்தில்தான் வித்தியாசம். போதாததற்கு முதுகுக்குப் பின்னால் ஒருவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இவர் மோருக்கு வந்தாச்சா என்று எட்டி எட்டிப் பார்ப்பான்.

பொறுத்துக்கொண்டார். அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சைவச் சாப்பாடு வேறெங்கும் இல்லை. வயிறு காய்ந்தால் மூன்று மணிக்கு அவருக்கு எழுத்து கோணும்.

ஒரு திங்கட்கிழமை, கை கழுவிவிட்டு வந்தவரைக் காசிராஜன் கல்லா மேஜையருகே நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. இலையை ஏன் அந்தப் பக்கமா மடிக்கீய? இது என்ன துட்டி வீடா?"

கைலாசநாதன் திரும்பிப் பார்த்தார். அவருடைய இலை உட்கார்ந்த பக்கம் மடியாமல் எதிர்ப்பக்கமாக மடிந்து கிடந்தது. இறப்பு வீட்டில் சாப்பிட்டவர்கள் மடிக்கிற மடிப்பு.

"கவனிக்கலை."

"ஒரு மாசமா கவனிக்கலையா? பக்கத்துல இருக்கவன் பாதியில எந்திரிச்சுப் போறான். நாலு பேர் வந்து போற இடம் அண்ணாச்சி."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் இலையை மடிக்காமலே எழுந்தார். "பிடிக்கலைன்னா வாயால சொல்லலாம்லா," என்றார் காசிராஜன். அதற்கடுத்த நாள் மோர்ச்சோறு முடிந்ததும் கைலாசநாதன் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு திருப்தி என்று உள்பக்கம் மடிக்க வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை. பின்னால் நின்றவன், "இலைக்கு என்ன வே, பூசையா நடக்கு?" என்றான். ஆத்திரத்தில் எதிர்ப்பக்கமே மடித்துவிட்டு வெளியே வந்தார்.

பிறகு காசிராஜன் கிளப் பக்கமே போகவில்லை. தேரடியில் பிச்சையாவின் சர்பத் கடைதான் மத்தியானச் சாப்பாடு. புளியங்குடி எலுமிச்சையும் நன்னாரியும் கலந்த பெரிய கிளாஸ். கிளாஸை யாரும் மடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

"சோத்துக்குப் பதிலா சர்பத்தா?" என்றார் பிச்சையா. "இப்படியே போனா சட்டைதான் ஆபீசுக்கு வரும், ஆள் வராது."

"உம்ம வேலையைப் பாரும் வே. சீனி வேற கம்மி."

ஒன்பதாம் நாள் கிரயப் பத்திரம் ஒன்றில் நிலத்தின் நான்கெல்லையை நகல் எழுதும்போது ஒரு வரியே விட்டுப்போனது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். மறுநாள் மத்தியானம் கைலாசநாதன் குனிந்த தலையோடு காசிராஜன் கிளப்புக்குள் போய் உட்கார்ந்தார். காசிராஜன் தானே இலையைக் கொண்டுவந்து போட்டார். அன்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பசியா, குழம்பா தெரியவில்லை, இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை குழம்பு மட்டும் கேட்டார். பின்னால் நின்றவன் பெருமூச்சு விட்டது காதிலேயே விழவில்லை.

கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காசிராஜன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"இன்னைக்கு எவ்வளவு அழகா மடிச்சிருக்கீய அண்ணாச்சி!"

கைலாசநாதன் திரும்பினார். இலை அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக, விளிம்போடு விளிம்பு பொருந்தி மடிந்திருந்தது. எப்போது மடித்தார்? அன்றைக்கு அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் போகாத கை, இன்றைக்கு அவரைக் கேட்காமலே போயிருக்கிறது. வலது கையைத் துண்டால் மறுபடியும் அழுத்தித் துடைத்தார். குழம்பு வாசனை போகவில்லை.

"சாப்பாடு பிடிச்சிருந்துதுல்லா?"

"குழம்புல உப்பு கூட," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.