சீப்பு வேலை

அந்த வருஷம் எங்கள் பக்கம் கிணறெல்லாம் வற்றி, கடலைச் செடி காய் பிடிக்காமலே கருகியது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் மேற்கே கடலோரக் கால்வாயில் வேலைக்குப் போனார். சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலக்காட்டுக் கிழக்கு மூலையிலிருந்து போனவருக்குத் தண்ணீரிலேயே வேலை. கொடுமையைப் பாருங்கள்!

"சீப்புல வேலைம்மா," என்றார் தன் அம்மாவிடம். கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்குச் சீப்பு என்றால் தலை வாருவது ஒன்றுதான். என் மாமியார் சீப்புக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார். இவரும் திருத்தவில்லை.

"அம்மாவுக்குத் தண்ணின்னாலே பயம். நெனச்சது நெனச்சபடி இருக்கட்டும்," என்றார் என்னிடம். எனக்கு மட்டும் விளக்கினார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மரக்கதவு, நடுவில் தொட்டி. வள்ளம் உள்ளே வந்ததும் பின்கதவை மூடித் தண்ணீர் விட்டால், வள்ளம் தானாக மேலே வரும். அப்புறம் முன்கதவைத் திறந்தால் போய்விடும். "வெல்லமூட்டைய ஒருத்தரும் தூக்காம மச்சுல ஏத்தற மாதிரிங்களா?" என்றேன். சிரித்தார். அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு சிவப்புச் சீப்பு வாங்கி வந்தார். அம்மாவிடம் அதைக் காட்டி, "எங்க கம்பெனி சரக்கு," என்று வேறு புளுகினார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் திடீரென்று சிரித்தார். "சொல்ல மறந்தே போயிட்டனே அம்மிணி. முந்தாநேத்து ரோட்டுல, அவன் வேலை பாக்கற ஊர்லருந்து லோடு கொண்டு வருவானே, அந்த மலையாளத்து லாரி டிரைவர் கத்திட்டுப் போனான், உங்க மகன் சீப்பில் குடுங்கிப் போயின்னு. சிக்கிக்கிட்டானாமா! காது மூடி முடி வளத்தா சீப்பு சிக்காம என்ன பண்ணும்?"

கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்தக் கதவுகள் எனக்குத் தெரியுமே. "அத்தை, அது தலை சீவற சீப்பு இல்லீங்க!" என்று கத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் மாமியார் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் போகவில்லை.

கொழுந்தனாரும் நானும் பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். அந்தக் கிழவி மேல், டிரைவர் மேல், எல்லாருக்கும் மேலே விளையாட்டாய்ப் பொய் சொன்ன இவர் மேல். உயிரோடு இருந்தால் போதும், நன்றாகத் திட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

உயிரோடு இருந்தார். வலது கை மணிக்கட்டோடு இல்லை. கதவு மூடும்போது குறுக்கே திரும்பிய வள்ளத்தைத் தள்ளப் போயிருக்கிறார். கை இடுக்கில் மாட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் வாசலையே பார்த்துக் கிடந்தாராம். என்னைக் கண்டதும், "டிரைவர் அன்னிக்கே சொல்லிட்டேன்னானே, ஏன் யாரும் வரல?" என்றார்.

திட்ட வாய் வரவில்லை. "அத்தை வேற சீப்புன்னு நெனச்சுட்டாங்க," என்றேன்.

"அம்மா சிரிச்சுதா?" என்றார். நான் தலையாட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு சொல்லிராத. செத்துரும்."

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாமியார் அவர் கிட்டவே போகவில்லை. என்னை அடுப்படிக்கு இழுத்துக் காதோடு கேட்டார்: "நாஞ் சிரிச்சது அவனுக்குத் தெரியுமா அம்மிணி?"

"தெரியாதுங்க அத்தை."

அப்புறம்தான் வெளியே போய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தச் சிவப்புச் சீப்பை மறுநாள் காணவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் வாயில் சீப்பு என்ற வார்த்தை வந்ததே இல்லை. "அதை எடு அம்மிணி," என்று தலையைத் தொட்டுக் காட்டுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். இவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.