தங்கை கணவர் சேட் கழற்றிய நாள்

என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்காவின் ரெக்சாசிலிருந்து காரிலேயே ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விமானத்தில் வந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஸ்காபரோவில் அரைத்த மிளகாய்த்தூளைத் தேவையான அளவு கொண்டுபோக விமானப் பெட்டி காணாது என்று தங்கை சொல்லிவிட்டாள். பழைய அமெரிக்கக் கார். முன்னிருக்கை நடுவில் பிரியாமல் சோபாவைப் போல ஒரே நீட்டாக இருந்தது. என் கணவர் அதை ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, உதுக்குள்ள ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்" என்றார்.

இறங்கியதும் தங்கை கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் முழுவதும் நோ, திருப்ப முடியவில்லை. காரின் ஏசிக் காற்று என்றார் அவள் கணவர். மோட்டல் தலையணை என்றார் என் கணவர். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். நான் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டேன்.

தங்கை கணவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் அவரைக் கேலி செய்யப் போகிறேன். ஹூஸ்ரனில் கடையோடு சேர்ந்த ஒரு காஸ் ஸ்ரேசனை, அதுதான் பெற்றோல் நிலையத்தை, பொறுப்பாக நடத்திக்கொண்டிருந்தார். முந்தைய வருடம் அங்கே இரண்டு பேர் புகுந்து, கேட்டதைக் கொடுத்த பிறகும் அவர் தலையில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்து வந்ததும் கைத்துப்பாக்கி வாங்கினார். அந்த மாநிலத்தில் வகுப்புக்குப் போய்ப் பெர்மிட் எடுத்தால் அதை உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுதிரியலாம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கை எங்கள் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள், எழும்பிவிட்டால் ஒரு ஹோமம் செய்விப்பதாக. ஆளுக்கு ஒரு பாதுகாப்பு. அந்த நேர்த்தியை முடிக்கத்தான் இந்தப் பயணம்.

என் கணவருக்கு அப்போது காவலாளி வேலை. டவுன்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்தைக் காவல் காத்தார். சீருடை, தொப்பி, இடுப்பில் இருட்டுக்கு ஒரு ரோச் லைற். வேறு ஆயுதம் கிடையாது. கனடா அவரிடம் அவ்வளவுதான் நம்பிக் கொடுத்திருந்தது. ஆக, முதல் நாள் இரவுச் சாப்பாட்டு மேசையில் பெற்றோல் விற்பவர் துப்பாக்கியின் பக்கமும், காவல்காரர் அதற்கு எதிர்ப்பக்கமும் இருந்தார்கள். இடையில் நண்டுக் கறி இருந்தது.

"கள்ளன் வந்தா என்ன செய்வியள் அண்ணை?" என்று தங்கை கணவர் கேட்டார்.

"பொலிசுக்குப் போன் அடிப்பன்."

"பொலிஸ் வரும்வரைக்கும்?"

"ரோச் அடிப்பன்."

நான் சிரித்துவிட்டேன். என் கணவருக்குக் கோபம். "சரி, உங்கட சட்டத்தைச் சொல்லும். இடுப்பில தெரியத்தக்கதாக் கட்டிக்கொண்டு போகேலுமோ?"

"ஏலாது. காட்டினாக் குற்றம். மறைச்சுத்தான் வைச்சிருக்க வேணும்."

"கேட்டீரோ இஞ்ச! மறைச்சா நல்லவன், காட்டினாக் கள்ளன்!"

"வேற சில இடங்களில காட்டிக்கொண்டு போகலாம் அண்ணை. ஒரு இடத்தில பெர்மிட்டே தேவையில்லையாம்."

என் கணவர் நண்டின் காலைக் கீழே வைத்தார். அவர் நண்டை வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "தம்பி, உந்த மூண்டும் எங்கட ஊரில யுத்தத்துக்க இருந்தது. ஆமிக்காரன் காட்டிக்கொண்டு திரிஞ்சான். இயக்கப் பெடியள் சாரத்துக்க மறைச்சுக்கொண்டு திரிஞ்சவங்கள். பெர்மிட் எங்க எண்டு ஆரும் ஆரையும் கேக்கேல்லை. நாங்கள் பாதுகாப்பாயோ இருந்தனாங்கள்?"

"அங்க எல்லாரிட்டயும் இருந்தது அண்ணை. உங்களிட்டயும் என்னட்டயும்தான் இருக்கேல்லை. அதாலதான் ஓடி வந்தனாங்கள்."

அடிபட்ட மனிதரிடம் பயப்படாதே என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. என் கணவர் நண்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது தங்கை மெல்லக் கேட்டாள். "அக்கா, நான் திரும்பிப் போகாமல் இஞ்சயே உங்களோட நிண்டா அத்தான் ஏதும் சொல்லுவாரோ?"

பகிடி என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அங்க வீட்டுக்க வந்தும் இவர் துப்பாக்கியைக் கழட்டுறாரில்லை. சாப்பிடேக்கயும் இடுப்பில. ரீவி பாக்கேக்கயும் இடுப்பில. படுக்கேக்க மட்டும் கழட்டி என்ர தலைமாட்டுக்குப் பக்கத்தில வைக்கிறார். என்னால ஏலாது அக்கா."

"வாயைத் திறந்து சொன்னனியோ?"

"சொன்னனான். உமக்காகத்தானே வைச்சிருக்கிறன் எண்டுறார். அதுக்கு நான் என்ன சொல்லுறது? திங்கட்கிழமை வெளிக்கிட வேணும். நீ ஒருக்காச் சொல்லு. நீ சொன்னாப் பயப்பிடுவார்."

என் வாய்க்கு எங்கள் குடும்பத்தில் நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற, தேத்தண்ணி கொடுக்கும்போது அவரிடம் நேராகவே சொன்னேன். வீட்டுக்குள் என்ன யுத்தமா, பெண்சாதி பயப்படுகிறாள், கடையிலேயே பூட்டி வையுங்கோ என்றேன். அவர் தலையைக் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "ஓம் அக்கா" என்றார். இன்னும் கொஞ்சம் சொன்னேன். "ஓம் அக்கா." எங்கள் ஆண்கள் சண்டை பிடித்தால் வெல்லலாம். "ஓம் அக்கா" என்றால் ஒன்றும் செய்ய முடியாது. வெறுங்கோப்பையோடு குசினிக்குத் திரும்பினேன். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தங்கை எதையும் வீம்புக்குச் சொல்கிறவள் இல்லை.

இதற்கிடையில் என் கணவருக்கு வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டு வந்ததாகத்தான் தங்கை கணவர் சொல்லியிருந்தார். கனடாவுக்குள் அதைக் கொண்டுவந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் இருந்தாற்போல் அவர் கை வலது இடுப்புக்குப் போகும். தொட்டுப் பார்க்கும். திரும்பி வரும். அந்த வெக்கையிலும் பட்டன் பூட்டிய சேட்டை இடுப்புக்கு வெளியே விட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்த கதிரையில்தான் இருப்பார்.

"கொண்டுவந்திட்டான்" என்றார் என் கணவர் என் காதுக்குள். "கனடாப் போடரில செக் பண்ணினவங்களைச் சுத்திப்போட்டான்."

"கேளுங்கோவன்."

"நீ கேள்."

கேட்பதற்குப் பதிலாக, சனிக்கிழமை காலை அவருடைய காரைக் கழுவிக் கொடுப்பதாக என் கணவர் அறிவித்தார். எங்கள் சொந்தக் காரையே மழைதான் கழுவும். விருந்தாளியின் காருக்கோ சீற்றுக்கு அடியிலும் பின்பெட்டியின் மூலை முடுக்கிலும் ரோச் அடித்து அடித்துக் கழுவினார். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ரோச் எதற்கு என்று தங்கை கணவர் கேட்கவில்லை. அவ்வளவு நல்லவர். கிடைத்தது வழி பார்க்கும் ஒரு தெருப்படம், கொஞ்சம் கடலைக் கோது. இனி மிச்சம் இருந்தது ஒரே இடம், அந்தச் சேட்டுக்கு உள்ளே. மறுநாள் ஞாயிறு, கோயில்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் சும்மா கும்பிடப் போகிறவர்கள் சேட்டோடு நின்றால் ஒருவரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். ஹோமத்துக்கு இருக்கிறவர் அப்படி இருக்க முடியாது. வேட்டி கட்டி, மேலில் ஒரு சால்வை, அவ்வளவுதான். எந்த நாட்டுச் சட்டத்துக்கும் இல்லாத ஒரு வசதி எங்கள் சமயத்துக்கு இருக்கிறது. சாமிக்கு முன்னால் ஆண்கள் இடுப்புக்கு மேலே ஒன்றையும் மறைக்க முடியாது.

உடுப்பு மாற்றத் தங்கை கணவர் போனார். பின்னாலேயே என் கணவரும் போனார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் தங்கை கணவர் சால்வையோடு வந்தார். வயிறு மட்டும்தான் இருந்தது. அதற்குப் பெர்மிட் தேவையில்லை. வலது இடுப்பில், வேட்டிக்குச் சற்று மேலே, தோல் உரசி உரசிக் கறுத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் நிம்மதியும் வந்தது.

ஹோம குண்டத்துக்கு முன்னால் அவர் இருந்தார். வழக்கம்போலத் தங்கை அவருக்கு இடப்பக்கம் இருந்தாள். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, ஹோமத்துக்கு மனைவி வலப்பக்கம் இருக்க வேணும். இந்தப் பக்கம் வாங்கோ."

தங்கை எழும்பி வலப்பக்கம் வந்து இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் இருந்தது. சங்கற்பத்துக்கு மனைவி ஒரு தர்ப்பையால் கணவரின் கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவள் எட்டித் தொட்டாள். தோள் வரைக்கும் நீட்டியும் தர்ப்பையின் நுனிதான் பட்டது.

"கிட்ட வாங்கோ அம்மா. ஐயா கடிக்கமாட்டார்" என்றார் குருக்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை கொஞ்சம் நகர்ந்தாள். இடைவெளி அப்படியே இருந்தது. தங்கை கணவரும் சிரித்துக்கொண்டே, அவளுக்கு உதவியாகத் தான் அவள் பக்கம் நகர்ந்து வந்தார். அவர் வந்ததும் தங்கை விலகினாள். தான் விலகியது அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் கண் அக்கினியில் இருந்தது.

அவர் தன் வெறும் இடுப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு நடுவில் இருந்த அந்த இடத்தைப் பார்த்தார். நான் அவருக்கு எதிரே நின்றேன். ஒரு மனிதரின் முகத்தில் சிரிப்பு அப்படி நின்றுபோனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அழுகிறவர்களுக்கு ஹோமப் புகை நல்ல சாட்டு. அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது என் கணவர் பின்சீற்றில் இருந்துகொண்டு துப்பாக்கி விவாதத்தை மறுபடி தொடக்கினார். முதல் நாள் இரவு கிடைக்காத பதில் கோயில் வீதியில் அவருக்குக் கிடைத்திருந்தது போலும். தங்கை கணவர் கார் ஓட்டினார். அந்த நீட்டுச் சீற்றில் அவருக்கு வலப்பக்கம் தங்கை இருந்தாள், கதவோடு ஒட்டி, கழுத்தைக் கண்ணாடிப் பக்கம் சரித்து. அவர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுத்து நோவுக்குக் காரணம் ஏசியும் இல்லை, மோட்டல் தலையணையும் இல்லை.

வீட்டுக்கு வந்து சோற்றை இறக்கும்போது அவர் குசினி வாசலில் வந்து நின்றார். தங்கை என் பக்கத்தில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வரேக்க அது என்னட்ட இருக்கேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரியும். நீங்கள் பூட்டேக்க நான் பக்கத்தில நிண்டனான்."

"பிறகேன் வழி முழுக்கக் கதவோட ஒட்டிக்கொண்டு வந்தனீர்?"

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்பிடியோ வந்தனான்?" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அப்பளம் கருகியது. நான் அடுப்பை நிற்பாட்டினேன்.

"போன உடன அதை விக்கிறன்" என்றார் அவர். யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "கடைக்குக் கமரா பூட்டுவம். காசு வாங்குற இடத்துக்குத் தடிச்ச கண்ணாடி போடுவம். பயம் போகாது. ஆனா நீர் பக்கத்தில இருக்க வேணும்."

என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. சாப்பாட்டு மேசையில் என் கணவர், கனடா வென்றுவிட்டது என்ற முகத்தோடு, ரோச் லைற்றின் பெருமைகளை எடுத்துச் சொன்னார். நான் அவருக்குக் கருகிய அப்பளத்தைப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை மிளகாய்த்தூளும் கருவாடும் நிரம்பிய காரில் இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். தங்கை ஏறிக் கதவோடு ஒட்டித்தான் இருந்தாள். நான் கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்து, இவள் போகத்தான் வேண்டுமா என்று அழுதேன்.

ஹூஸ்ரன் போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தாள். தூள் கொட்டாமல் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். கழுத்து நோ எப்படி என்று கேட்டேன்.

"நோ இல்லை அக்கா. பாதி வழிக்கு மேல நல்ல நித்திரை."

"கதவில சாய்ஞ்சோ?"

"சீச்சீ. அவரின்ர தோளில."