கண்ணாடிப் பரணியில் ஒரு தவளை: கம்பவுண்டர் மாசிலாமணி நினைவாக

கம்பவுண்டர் மாசிலாமணி என் மடியில் தவளையைத் தூக்கிப் போட்டு என் பயத்தைத் தீர்த்தார் என்று கோட்டாற்றில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் என் மடியில் எதையும் போடவில்லை. போட்டிருந்தால் அவருடைய மருந்துச்சாலையில் நான் மறுபடி கால் வைத்திருக்க மாட்டேன். அவரை அறிந்தவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் தயிர்க்காரி பொன்னம்மை பானையைத் தலையிலிருந்து இறக்காமலே, "அம்மா, கம்பவுண்டர் போயிட்டாரு. வெளுப்பான்காலம் நெஞ்சடைச்சுதாம்" என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உங்க மடியில தவளைய போட்டவருல்லா?" என்று அவளே மேலும் கேட்டாள். அப்போது அவளைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

எனக்குச் சிறுவயது முதலே தவளை ஆகாது. அருவருப்பு அல்ல, பயம். மூச்சு முட்டும், கால் மரத்துப்போகும். கான்வென்டில் எட்டு வருஷம் இருந்தேன். ஒரு சிஸ்டருக்கும் தெரியாது. என் கணவருக்கும் கடைசிவரை தெரியாது. மழைக்காலத்தில் வெளியே இறங்காமல் இருக்க என்னிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

என் மகள் செல்லத்தைத் தேரூர்க் குளத்துக்கு அப்பால், வயல் நடுவே உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்தோம். வண்டி குளத்தங்கரையோடு நின்றுவிடும். பிறகு வரப்புதான். தலைப்பிரசவம் என் வீட்டில் நடந்தது. தாயையும் பிள்ளையையும் பெண்ணைப் பெற்றவளே கொண்டுபோய் விடுவது எங்கள் முறை. அது ஐப்பசி மாதம், நல்ல மழை. நான் என் தம்பியோடு அவர்களை அனுப்பிவிட்டேன். "கோட்டாத்து மைனி மேல நம்ம சேறு ஒட்டிரும்லா" என்று சம்பந்தியம்மாள் சொன்னது என் காதுக்கு வந்தது. செல்லத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது: 'நீங்கள் வராத வீட்டிலிருந்து நானும் அங்கே வரமாட்டேன்.' நான் பதில் எழுதவில்லை. பெருமைக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், கோழை என்று தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த மழையிலேயே ஒரு நாள் இருமல் மருந்துக்குப் போயிருந்தேன். மாசிலாமணி புட்டியின் பக்கத்தில், எவ்வளவு குடிப்பது என்று காட்ட வேளைக்கு ஒரு பல்லாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஒரு தவளை குதித்தது. அடுத்த கணம், ஐம்பது வயது கடந்த நான் பெஞ்சின்மேல் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை ஒட்டி முடித்த பிறகே பேசினார்.

"எம்புட்டு தூரத்துல நின்னா உங்கள ஒண்ணும் செய்யாதும்மா?"

"எப்ப வந்த பயம்னு கேக்க மாட்டீரா?"

"அதக் கேட்டு நான் என்னத்தச் செய்ய? தூரத்தச் சொல்லுங்க."

இந்த வைத்தியத்தை எங்கே கற்றார் என்று விசாரித்தேன். கோட்டாற்றுச் சந்தைக்கு மோட்டார் வரத் தொடங்கிய புதிதில் வண்டிக் காளைகள் ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு மூட்டைகளைக் கவிழ்த்தன. ஒரு வண்டிக்காரர் மட்டும் தம் காளைகளை ரோட்டிலிருந்து எட்டத்தில் கட்டிப் பருத்திக்கொட்டை வைத்தார். அவை காது விடைக்காமல் தின்றால் மறுநாள் பத்தடி கிட்டே கட்டுவார். இல்லையென்றால் அதே இடம். ஒரு மாதத்தில் காளைகள் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று அசைபோட்டன. இதை மாசிலாமணி மருந்துச்சாலை ஜன்னல் வழியே தினமும் பார்த்திருக்கிறார். அவருடைய படிப்பு அவ்வளவுதான்.

"என்னைய மாட்டோடயா சேக்குதீரு?" என்றேன்.

"மாடு சொன்ன பேச்சு கேக்கும்மா."

புட்டிக்கு வெட்டுவதுபோலவே ஒரு நீளக் காகிதத்தில் பல் பல்லாக வெட்டி, பல்லுக்கு ஒரு வேலை எழுதினார். முதலில் தவளை என்று எழுதிப் பார்ப்பது. பிறகு அதன் படத்தைப் பார்ப்பது, தூரத்திலிருந்து சத்தம் கேட்பது. பிறகு பின்வராந்தாவின் ஒரு கோடியில் ஊறுகாய் போடும் கண்ணாடிப் பரணிக்குள் தவளை, மறுகோடியில் நான். பரணி வாரத்துக்கு இரண்டடி நெருங்கும். பருத்திக்கொட்டைக்குப் பதிலாக, நான் தின்ன வீட்டிலிருந்து கொண்டுபோகும் முந்திரிக்கொத்துப் பலகாரம். தவளையை ஒவ்வொரு நாளும் குளத்தில் விட்டுவிடுவார். "அதுக்கும் உங்களக் கண்டா பயந்தான்" என்பார். கடைசிப் பல்லில் 'மகளிடம் சொல்வது' என்று எழுதியிருந்தது. நான் பேனாவை வாங்கி அதை அடித்தேன்.

"செரி. கொஞ்சம் மருந்து மிச்சம் கிடக்கும், அம்புட்டுதான்" என்றார்.

அவர் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார். நான்தான் பரீட்சை எழுதுவதுபோல நடந்துகொண்டேன். கண்ணை மூடி, மனதுக்குள் ஜெபமாலை சொல்லி, நேரம் முடிந்ததும் எழுந்து ஓடினேன். வாரங்கள் போயின, பயம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் என் உதடு அசைவதைக் கண்டுவிட்டார்.

"ஜெபம் கோயில்ல சொல்லலாம். இஞ்ச கண்ணத் தொறந்து அதப் பாக்கணும். பயம் மொதல்ல எந்திரிச்சுப் போட்டும். அதுக்குப் பொறவு நீங்க எந்திரியுங்க."

அன்று கண்ணைத் திறந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்தது, கை வியர்த்தது. எவ்வளவு நேரம் போயிற்றோ, பயம் தானாகவே தணிந்தது. அப்போதுதான் தவளையின் கண்ணைச் சுற்றிப் பொன்னிறத்தில் மெல்லிய கோடு ஒன்று இருப்பதைப் பார்த்தேன். ஐம்பது வருஷம் பயந்த பொருளை அன்றுவரை நான் பார்த்ததே இல்லை.

மறு வருஷம் ஐப்பசியில் தேரூருக்குப் போனேன். வரப்பில் பாதித் தூரம் நடந்ததும் ஒரு தவளை என் பாதத்தின் மேலேயே குதித்துவிட்டு முன்னால் உட்கார்ந்தது. நான் நின்றுவிட்டேன். ஓடவில்லை, ஆனால் நடக்கவும் முடியவில்லை. முற்றத்தில் செல்லம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"வர மனசில்லேன்னா அப்படியே திரும்பிப் போங்கம்மா!" என்று கத்தினாள்.

"வரப்புல பட்டு விரிக்கணுமோ மைனி?" என்றாள் சம்பந்தியம்மாள்.

திரும்பிப் போயிருந்தால் அந்த வீடு எனக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

"ஏட்டி, எனக்குத் தவளைன்னா பயமாக்கும். அது போட்டும், வாறேன்" என்றேன்.

"எது போட்டும்? தவளையா?"

"பயம்."

செல்லம் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு சம்பந்தியம்மாள் வேறு குரலில், "வெரட்டட்டா மைனி?" என்றாள். வேண்டாம் என்றேன். செல்லம் வரப்பில் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். "இதுக்காம்மா ஒரு வருசம்?" என்றாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு, கண்ணும் நிறைந்தது. பேரனும் நாங்களும் அந்தத் தவளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பயம் தணிந்தது. நான் முன்னால் நடந்தேன்.

மாசிலாமணியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எம்புட்டு நேரம் நின்னீங்க?"

எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஒரு நாள் முந்திரிக்கொத்து கொண்டுபோக மறந்துவிட்டேன். அன்றும் பயம் வழக்கம்போலத் தணிந்தது. அப்படியானால் என்னைக் குணப்படுத்தியது தின்றதா, ஓடாமல் இருந்ததா? அவரிடமே கேட்டேன். "எனக்கும் தெரியாதும்மா. ரெண்டையும் சேத்தே குடுத்துப் பழக்கமாயிட்டு" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஓடத் தோன்றும்போது உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்திருக்கிறேன். அவர் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பின்வராந்தாவில் நாய்க்கு, இடிக்கு, கிணற்றுக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. என்னுடையதை என் பெயரிலேயே எழுதிவிட்டேன். ஆகவே நீங்கள் வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு எத்தனை பல் வெட்டிக் கொடுத்தார், தின்ன ஏதாவது கொடுத்தாரா, பயம் பிறகு திரும்பி வந்ததா என்ற மூன்றையும் இந்தப் பத்திரிகை வழியாக எனக்குக் கடிதமாக எழுதி அனுப்புங்கள்.