பெற்றோல் இல்லாத நாளில் நடனப் பரீட்சைக்கு

பிள்ளைகளே, காரில் ஏறினால் "வேகமாய் ஓட்டுங்கோ அப்பா" என்று கத்துகிறீர்கள். நான் அப்படி ஓட்டமாட்டேன். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், உங்கள் அக்காவை நடனச் செய்முறைப் பரீட்சைக்குக் கொண்டுபோன கதையைச் சொல்கிறேன். நீங்கள் அப்போது மிகவும் சின்னவர்கள்.

சம்பூரிலிருந்து திருகோணமலை நகருக்குப் போக வேண்டும். பஸ் ஓடவில்லை. பிந்தினால் அந்தப் பாடம் போச்சு. புறப்படும்போதே பெற்றோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட நின்றது. நகர்வரை காணுமா என்று எனக்கே நிச்சயமில்லை. சில்லுகளுக்குக் காற்றடித்தேன். பின்னால் கிடந்த விதைநெல் மூட்டையை இறக்கினேன். பாரம் கூடினால் பெற்றோலும் கூடத்தான் குடிக்கும்.

அக்கா முழு ஒப்பனையோடு பின்னால் இருந்தாள். துணைக்கு வந்த உங்கள் மாமா முன்னால்.

"ஏசியைப் போடுங்கோ அப்பா, மை எல்லாம் கரையுது."

"ஏலாது பிள்ளை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு."

மூதூர் தாண்டியதும் ஒரே சீராக ஓட்டினேன். சும்மா மிதிப்பதும், உடனே பிரேக் பிடிப்பதும் பெற்றோலைத் தின்னும், புகையையும் கூட்டும். தூரத்தில் வளைவு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவேன். ஓட்டோ ஒன்று எங்களை முந்தியது.

"அத்தான், ஓட்டோக்காரன் எங்களைப் பாவம் பார்த்திட்டுப் போறான்," என்றார் மாமா.

"நேரம் போகுது அப்பா! மிதியுங்கோ!"

மிதித்தால் நடுவழியில் நிற்போம். மிதிக்காவிட்டால் பிந்துவோம்.

கிண்ணியாவுக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி வீதியை அடைத்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? பிறகு ஸ்டார்ட் வராட்டி?" அக்காவின் குரல் உடைந்தது.

பற்றரி பழசு. எனக்கும் பயம்தான். ஆனால் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் இருக்கிற பெற்றோல் புகையாய்ப் போகும், அதுவும் வீதியோரம் நின்ற சின்னப் பிள்ளைகளின் மூக்குக்குள். கடைசி மாடு கடந்ததும் சாவியைத் திருப்பினேன். இருமிவிட்டு ஓய்ந்தது. திரும்பவும் திருப்பினேன். பிடித்தது.

கிண்ணியாப் பாலத்தின் இறக்கத்தில் மாமா தொடங்கினார். "நியூற்றல்ல போட்டு எஞ்சினை நிப்பாட்டுங்கோ அத்தான், சும்மா உருண்டு போகும்."

"உனக்கு விசரே? எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாய் இறுகிப்போகும்!"

கியரிலேயே விட்டு, மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்தார். பிரேக் பிடித்தது. அவர் பாட்டுக்குப் போனார்.

சீனக்குடாவில் பெற்றோல் முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நகருக்குள் போய், பரீட்சை நடக்கும் பாடசாலையின் மதில் கண்ணில் பட்டபோது கார் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. அக்கா சலங்கையைக் கையில் பிடித்தபடி இறங்கி ஓடினாள்.

"உங்கட குழுவைக் கூப்பிட்டாச்சு, கெதியாய் ஓடு பிள்ளை!" வாசலில் நின்றவர் கத்தியது எனக்குக் கேட்டது.

நானும் மாமாவும் காரை ஓரத்துக்குத் தள்ளினோம். மதிலுக்கு அப்பால் சலங்கைச் சத்தம் எழுந்தது. அவளுடையதா, வேறு பிள்ளையுடையதா? தெரியவில்லை. சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது. திரும்பவும் நின்றது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னம்வரை மை வழிய அக்கா வந்தாள்.

"ஆடினனான் அப்பா."

அதற்குப் பிறகுதான், வீட்டுக்கு எப்படிப் போவது என்று மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம்.